சிமெந்தில் விழாத அடையாளம்

அடியே,

மணல் கூட்டுகிற உன் தும்புத்தடியை இன்று காலை வெயிலில் காயப் போட்டேன். குந்தியிருந்து இழுக்க வசதியாகப் பிடியைப் பாதியில் அறுத்து வைத்திருந்தாயே, அதேதான். தும்புக்குள் மைதானத்து ஈர மணல் இன்னும் சிக்கிக் கிடந்தது. தட்டினால் கொட்டியது, திரும்பத் தட்டினால் திரும்பக் கொட்டியது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல் கோபம் வந்தது. இறந்தவர்கள் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் பங்குச் சுவாமி சொல்லுவார். சுவாமிக்கு என்ன தெரியும்? அவர் சொஃப்ட்போல் மைதானத்தில் அம்பயராக நின்றவரா?

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சுற்றி வளைத்தால் பிடிக்காது. சனிக்கிழமை மாகாண இறுதிப் போட்டியில் உன் மகள் ஹஸ்னா வீசிய பந்துக்கு நான் இடது கையை நீட்டினேன். சட்டத்துக்குப் புறம்பான வீச்சு என்று. அந்தக் கையால் அவளுடைய கல்லூரி தோற்றது. அகில இலங்கைப் போட்டிக்குப் போகிற வழி அடைபட்டது. இப்போது உன் வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கிறது, முகம் கிடைக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் இந்த விளையாட்டுக்குள் வந்தது கல்வியியற் கல்லூரியில். நீ பந்து வீசுகிறவள், நான் மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவள். உன் பந்து பட்டு என் உள்ளங்கை கொழுக்கட்டை மாதிரி வீங்கும். இரவு விடுதியில் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே, "நாளைக்கும் இப்படித்தான் வீசுவன், பிலோ. இப்பவே சொல்லிட்டன்" என்பாய். பிறகு இரண்டு பேருமே அம்பயர் பரீட்சை எழுதினோம். புத்தளம் பக்கத்தில் பெண் அம்பயர்கள் வேறு யாரும் இல்லாததால் எங்கே போட்டி என்றாலும் நாம்தான். நான் மட்டைக்காரிக்குப் பின்னால், நீ தளங்களின் பக்கம்.

"கை உனக்கு, கால் எனக்கு" என்று முதல் நாளே பங்கு பிரித்தாய். வீசுகிறவள் றப்பர் பலகையில் ஏறி நின்று, இரண்டு கையையும் சேர்த்து ஒரு கணம் அசையாமல் நிற்கிறாளா, பிறகு கையை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பை ஒட்டி விடுகிறாளா என்பது என் பாடு. காலைப் பார்ப்பது உன் பாடு. பலகையை உந்தின கால் மணலைத் தேய்த்துக்கொண்டு வரலாம். புதுச் சட்டத்தில் நிலத்தை விட்டுக் கிளம்பினாலும் குற்றமில்லை என்கிறார்கள். ஆனால் கிளம்பின கால் முன்னால் ஓரிடத்தில் மறுபடி ஊன்றி, அங்கிருந்து இரண்டாம் தரம் உந்தக் கூடாது. அப்படி உந்தினால் பந்துக்கு வேகம் கூடும், மட்டைக்காரிக்கும் வீசுகிறவளுக்கும் இடையில் உள்ள தூரம் குறையும். அது களவு. எங்கள் பக்கத்துச் சனம் கிரிக்கெட்டிலேயே ஊறினது. நீ கையை நீட்டினால் போதும், வேலியோரத்தில் நிற்கிற ஆட்கள் எல்லாரும் "நோ போல்! நோ போல்!" என்று கத்துவார்கள். "நோ போலும் இல்ல, உங்கட தலையும் இல்ல" என்று நீ வாய்க்குள் திட்டுவது எனக்கு மட்டும் கேட்கும்.

கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் நடக்கிற அந்தத் துள்ளலை நீ எப்படிப் பிடித்தாய் என்பது வேறு அம்பயர்களுக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து முகாமில் வளர்ந்த பிள்ளை நீ. ஓலைக் குடிசைகளுக்கு நடுவே முழுக்க மணல். காலையில் எழும்பி மணலைப் பார்த்தே எந்த வீட்டுக்கு யார் போனார்கள், யார் கோபித்துக்கொண்டு பாதி வழியில் திரும்பினார்கள் என்று சொல்லிவிடுவாயாம். அதனால் முகாமில் பாதிச் சனம் உனக்குப் பகை என்று சொல்லிச் சிரிப்பாய். அந்தக் கண்ணைத்தான் மைதானத்துக்குக் கொண்டு வந்தாய். ஒவ்வொரு அணியும் வீச வருமுன் பலகைக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, இந்தத் தும்புத்தடியால் இழுத்து மணலைப் பாய் விரித்தது போல் ஆக்குவாய். கால் ஒழுங்காக வந்தால் மணலில் ஒரே கோடு விழும். துள்ளினால் கோடு அறுந்து, இடைவெளி விட்டு, முன்னால் ஒரு குழி இருக்கும். கண்ணால் கண்டு கையை நீட்டுவாய், பிறகு மணலைப் பார்த்து உறுதிப்படுத்துவாய். சண்டைக்கு வருகிற பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாய். அந்தாள் குனிந்து பார்த்துவிட்டு வாய் மூடித் திரும்பிப் போவார்.

"மணலுக்குச் சொந்தபந்தம் தெரியாது" என்பாய். அதை நீ வெறும் வாயால் சொன்னவள் இல்லை. வலயப் போட்டியில் நீ படிப்பிக்கிற கல்லூரியின் பிள்ளைக்கே கையை நீட்டினாயே, நினைவிருக்கிறதா? அம்பயர் தட்டுப்பாட்டில் வேறு வழியில்லாமல் உன்னை நிறுத்தினார்கள். உன் அதிபர் பந்தலுக்குள் கதிரையை விட்டு எழும்பி நின்றார். பெற்றோரில் ஒருவர், "வந்தான் வரத்தான் புத்தி இதுதான். சோறு போட்ட பள்ளிக்கூடத்துக்கே குழி பறிச்சிட்டா" என்று உன் காது கேட்கவே சொன்னார். நான் அந்த ஆளிடம் போகப் புறப்பட்டேன், நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

போட்டி முடிந்து யாரும் நம்மைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபடி கடையில் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டோம். உன் கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு கலங்கவில்லை. "இங்க நாங்க சொல்லாட்டி அந்தப் புள்ளைக்குக் கொழும்புல ஆரோ சொல்லுவான். அங்க போய் அழுறத்துக்கு எங்கட மடி இரிக்கா, பிலோ?" என்றாய். அடுத்த நாள் அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு, மணலில் வைத்துக் காலைத் திருத்தினாய். அவள் இப்போது விளையாட்டு ஆசிரியை. உன் ஜனாஸா அன்று வாசலில் நின்று குமுறி அழுதாள்.

உன் உடம்புக்கு வருத்தம் வந்த பிறகுதான் எல்லாம் குழம்பியது. மழை பெய்தால் உன் முற்றம் சேறும் மணலுமாக இருக்கும். கொழும்பு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிவிட்டு வருகிற உனக்கு நடை தள்ளாடியது. பின்பக்கம் போகும்போது ஒரு தரம் விழுந்தும் விட்டாய். உன் மனுஷன் ரவூப் நானா இரண்டாம் பேச்சுப் பேசாமல் மேசனைக் கூட்டி வந்து முற்றம் முழுக்கச் சிமெந்து போட்டார். உனக்காக. நீ விழக் கூடாது என்பதற்காக. கட்டினவர் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று நான் எங்கள் வீட்டு மனுஷனுக்குச் சொல்லிக் காட்டினேன். அந்தச் சிமெந்தில்தான் ஹஸ்னா ஒவ்வொரு பின்னேரமும் பந்து வீசினாள். மதிலில் பழைய மீன்வலையைத் தொங்கவிட்டு, அதற்கு வீசினாள். நீ முதலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்தாய். பிறகு உட்கார முடியாமல் யன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாய்.

சிமெந்தில் அடையாளம் விழாதே. அது ஏன் நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை? உனக்குமா தோன்றவில்லை?

கடைசியாக நீ என்னோடு கதைத்த நாளை நான் மறக்கவில்லை. கச்சான் காற்று யன்னல் சேலையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஹஸ்னா வீசுகிற சத்தம். நீ என் இடது முழங்கையைப் பிடித்து அழுத்தினாய். உன் விரலில் பலமில்லை, எலும்பு மட்டும் குத்தியது. "நான் இல்லாட்டியும் இந்தக் கைய மடக்கிராத, பிலோ" என்றாய். தோழி போகிறாள், இனி இந்த விளையாட்டு எனக்கு வேண்டாம் என்று நான் விட்டுவிடுவேன் என நினைத்துச் சொல்கிறாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "விசர்க் கதை கதையாத, எழும்பி வந்து நீயே நீட்டு" என்று உன்னை ஏசினேன். நீ சிரித்தாய். வெளியே பந்து வலையில் விழுந்தது.

போட்டிக்கு முந்தின நாள் பின்னேரம் ரவூப் நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். புத்தளத்திலிருந்து கற்பிட்டிப் பக்கம் மோட்டார் சைக்கிளில், இந்தத் தும்புத்தடியைப் பின்னால் கட்டிக்கொண்டு. "இது அவட சாமான். வீட்டுல சும்மா கெடக்கு. உங்களுக்குத்தான் சேரோணும்" என்றார். என் கணவர் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்க வெகுநேரம் எடுத்தார். பிறகு கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே கதைத்தார். "இந்த முறை பரீட்சை ஹஸ்னாவுக்குச் சரிவராது, பிலோமினா. உம்மாவோட ஆஸ்பத்திரியில படுத்து எழும்பியே வருஷம் போச்சு. அகில இலங்கைப் போட்டியில வென்றா விளையாட்டுப் பக்கத்தால பல்கலைக்கழகத்துக்கு ஒரு கதவு தெறக்கும் எண்டு பயிற்சி குடுக்கிற சேர் சொல்றார். நாளைக்கு நீங்கதானாம் அம்பயர். துஆச் செய்யுங்க."

அவ்வளவுதான். 'விட்டுக்கொடுங்கள்' என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "போங்க நானா, என்ன கதை இது" என்று ஏசி அனுப்பியிருப்பேன். சொல்லாமல் போனதால் இராத்திரி எனக்கு நித்திரை வரவில்லை. இந்தப் போட்டியை எனக்குத் தர வேண்டாம் என்று முதலிலேயே ஒழுங்கு செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருந்தேன். "நீங்க வராட்டி போட்டியே இல்ல, டீச்சர். குருநாகல் ஆக்கள் வந்து இறங்கியாச்சு" என்றுவிட்டார்கள். மாதாவே, பிள்ளையின் கால் ஒழுங்காக வரட்டும் என்று செபமாலை சொன்னேன். அம்பயர் செய்கிற செபமா அது? ஆனாலும் சொன்னேன்.

இந்த முறை நான் உன் இடத்தில், தளங்களின் பக்கம் நின்றேன். மட்டைக்காரிக்குப் பின்னால் சிலாபத்திலிருந்து வந்த ஒரு சிங்கள மாஸ்டர், நல்ல பிள்ளை. "கை உங்களுக்கு, கால் எனக்கு" என்று அவருக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். களப்புத் தண்ணீருக்குப் பக்கத்து மைதானம். உனக்குப் பிடித்த மணல், உனக்குப் பிடிக்காத காற்று. அணி மாறும்போதெல்லாம் தண்ணீர் தெளித்து, உன்னைப் போலவே குந்தியிருந்து இழுத்தேன். முழங்கால் நொந்தது. நீ எப்படித்தான் வெயிலில் இதைச் செய்தாயோ.

ஹஸ்னா மைதானத்துக்குள் வரும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், வீட்டில் சிரிக்கிற மாதிரி. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டாள். தலையை மூடிய கறுப்புத் துணி, நீளக்கைச் சட்டை, உன்னுடைய அதே இறுகின தோள். வீசத் தொடங்கினாள். மணலில் கோடு விழுந்தது. முழுக் கோடு. அடுத்ததும் முழுக் கோடு. எனக்கு உயிர் வந்தது. குருநாகல் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக மட்டையைக் காற்றில் வீசிவிட்டுப் போனார்கள். இடையில் ஒரு பந்துக்கு எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. மணலைப் பார்த்தேன். காற்று அள்ளிப் போட்டிருந்தது, ஒன்றும் தெளிவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் அந்தப் பக்கமிருந்து கத்தினார். "கண்ணுக்குப் பட்டா மட்டும் கைய நீட்டு. காதுக்குப் பட்டா நீட்டாத" என்பது உன் சட்டம். நான் நீட்டவில்லை.

கடைசிச் சுற்று. ஹஸ்னாவின் அணி ஒரே ஓர் ஓட்டத்தால் முன்னால் நின்றது. எதிரணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று, ஆனால் மூன்று தளங்களிலும் ஆள் நின்றது. மட்டைக்காரிக்கு மூன்று வெளிப்பந்து, இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்தைத் தவறவிட்டால் போட்டி ஹஸ்னாவுக்கு. நாலாவது வெளிப்பந்தாகிவிட்டால் மட்டைக்காரி சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போவாள், மூன்றாம் தளத்தில் நிற்பவள் உள்ளே வந்து ஓர் ஓட்டம் எடுப்பாள், சமநிலை. வேலியோரத்தில் ரவூப் நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஹஸ்னா பலகையில் ஏறினாள். கை சேர்ந்தது, நின்றது, சுற்றியது. கால் கிளம்பியது. கிளம்பி, முன்னால் ஊன்றி, மறுபடி உந்தியது.

நான் கண்டேன். கண்ணால் கண்டேன். என் இடது கை என்னைக் கேட்காமலே தோளுக்கு நேரே நீண்டுவிட்டது. கையை நீட்டினாலும் பந்து போய்ச் சேரும் வரை ஆட்டத்தை நிறுத்தக் கூடாதே. பந்து போனது. இவ்வளவு நாளில் அவள் வீசின வேகமான பந்து அதுதான். மட்டைக்காரி மட்டையை வீசினாள், தவறவிட்டாள். பிடிக்கிற பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், மைதானம் முழுக்கப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், வேலியைத் தாண்டி ஆட்கள் உள்ளே இறங்கினார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் நான் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முதலில் ஒருத்தி கண்டாள், பிறகு இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாகச் சத்தம் அடங்கியது. அப்படியான அமைதியை நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை.

ஹஸ்னாவின் பயிற்சியாளர் ஓடி வந்தார். "டீச்சர், இது என்ன அநியாயம்? தாயில்லாப் புள்ளை டீச்சர்! நீங்க அவட வீட்டுல சோறு தின்னவங்க!" நான் பலகையை நோக்கி நடந்தேன், அவருக்கு மணலைக் காட்ட. அதற்குள் ஹஸ்னா குனிந்து பார்த்திருந்தாள். கோடு, இடைவெளி, குழி. அவள் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு சப்பாத்துக் காலால் அந்தக் குழியைத் தேய்த்து அழித்தாள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை வேறு யாரும் காணவில்லை.

சட்டத்துக்குப் புறம்பான வீச்சை வெளிப்பந்தாகத்தான் எண்ண வேண்டும், சமநிலையானது. அடுத்த பந்தை அவள் காலைத் தரையில் இழுத்துக்கொண்டு, சுத்தமாக வீசினாள். வேகம் போதவில்லை. அடுத்து வந்த மட்டைக்காரி அடித்தாள், பந்து எல்லாரையும் தாண்டிப் போனது. முடிந்தது. வென்றவர்கள் குதித்த இடத்தில் தோற்றவர்கள் அழுதார்கள். நான் அம்பயர், யாரிடமும் போகக் கூடாது. உன் பிள்ளை வேலியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மடி இருக்கிறதா என்று பாலாவிச் சந்தியில் கேட்டாயே, அந்த மடி அவளுக்குப் பத்தடி தூரத்தில் தொப்பியும் சீருடையுமாக நின்றது.

நேற்றுப் பூசை முடிந்ததும் நேரே உன் வீட்டுக்குப் போனேன். ரவூப் நானா "வாங்க" என்றார், கதிரையை இழுத்துப் போட்டார், தன் கடையில் வேலை இருக்கிறது என்று வெளியே போனார். ஹஸ்னா தேத்தண்ணி கொண்டு வந்தாள். எனக்கு எவ்வளவு சீனி என்று சின்ன வயதிலிருந்து தெரிந்த பிள்ளை.

"அம்பயருக்குச் சீனி எவ்வளவு?" என்றாள்.

"ஹஸ்னா, இங்க பார்..."

"எத்தினையாவது பந்துல கண்டீங்க?"

"அந்தப் பந்துலதான் கண்டன்."

"அதுக்கு முந்தியும் ஒருக்காத் துள்ளினன். நீங்க காணல்ல." கோப்பையை என் முன்னால் வைத்தாள். "உம்மா எண்டா கண்டிருப்பா."

அது உண்மைதானே. பிறகு அவள் யன்னலோரக் கட்டிலின் ஓரத்தில் இருந்து, உன் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். "உம்மா கேட்டவ, மாமி. ஒரு நாள் நான் முத்தத்துல வீசிக்கிட்டிருக்கக்குள்ள இங்கிருந்து கூப்பிட்டா. 'ஒண்ட கால் ஏன் புள்ள ரெண்டு தரம் சத்தம் போடுது?' எண்டா. சிமெந்து தானே உம்மா, அது எதிரொலி எண்டு சொன்னன். 'ஆ' எண்டா. பொறகு தனக்குள்ள சொல்ற மாதிரி, 'நான் காதால கேட்டது தானே, கண்ணால காணல்லயே. காணுற ஆள் காணட்டும்' எண்டா. அதுக்குப் பொறகு அதப் பத்திக் கேக்கவே இல்ல. மௌத்தாகும் வரைக்கும் கேக்கல்ல." தலையணையில் முகத்தைப் புதைத்தாள். "நான் அவக்குப் பொய் சொன்னன். அவ அதத் தெரிஞ்சுக்கிட்டே நம்பினா."

அடிப்பாவி!

உனக்குத் தெரிந்திருக்கிறது. படுத்த படுக்கையில் காதால் பிடித்திருக்கிறாய். ஊரான் பிள்ளைக்கு அதிபர் முன்னால் கையை நீட்டினவள், உன் பிள்ளை எதிரொலி என்றதும் 'ஆ' என்று அடங்கிவிட்டாய். "காதுக்குப் பட்டா நீட்டாத" என்ற சட்டத்தை உன் வசதிக்கு எடுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாய். உனக்குச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாய். மடக்கிராத, மடக்கிராத என்று. நல்லாயிருக்கடி உன் நியாயம்! கசப்பை என் தலையில் கட்டிவிட்டு நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஒரு சொல் எனக்குச் சொல்லியிருந்தால் நான் முன்கூட்டியே அவளை எங்கள் கடற்கரைக்குக் கூட்டிப் போய்த் திருத்தியிருக்க மாட்டேனா? இந்தச் சனிக்கிழமை வந்திருக்குமா?

இப்படி உன்னை ஏசிக்கொண்டுதான் நேற்றுப் பின்னேரம் பஸ்ஸில் வந்தேன். உப்பளம் முழுக்க வெயில். ஏசி ஏசிக் களைத்த பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. மருந்து ஏற்றிய உடம்போடு கிடக்கிற தாய், முற்றத்தில் வீசிக்கொண்டு தன்னை மறந்து நிற்கிற பிள்ளை. அந்த வீட்டில் அந்த நேரம் சந்தோஷம் என்று வேறு என்ன இருந்தது? அந்தச் சத்தம் ஓய்ந்து போகட்டும் என்று நீ எப்படிச் சொல்லுவாய்? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. கோபம் முழுதாகப் போகவுமில்லை. நீ செய்தது சரி என்று நான் எழுத மாட்டேன், அதை எதிர்பார்க்காதே.

ஆனால் இன்று காலை தும்புத்தடியைக் காயப் போட்டபின் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு அரிசிச் சாக்கு நிறையக் கடல்மணல் அள்ளினேன். த்ரீவீலர்க்காரப் பொடியன், "டீச்சர், இப்பிடியே போனா கடலையும் சாக்குல போட்டுக் கேப்பீங்க போல" என்றான். "வாய மூடிட்டு ஓட்டு" என்றேன். உன் வீட்டில் யாரும் இல்லை. ஹஸ்னா வகுப்புக்குப் போயிருந்தாள். படலையைத் திறந்து உள்ளே போய், வலைக்கு எதிரே அவள் நிற்கிற இடத்தில் சிமெந்து மேல் மணலைக் கொட்டினேன். குழாயில் தண்ணீர் பிடித்துத் தெளித்தேன். கொண்டுபோன தும்புத்தடியால் குந்தியிருந்து இழுத்துச் சமப்படுத்தினேன். தும்புத்தடியை மதிலில் சாய்த்து வைத்துவிட்டு, ரவூப் நானாவின் கடையில் போய் இருந்து, ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

பின்னேரம் திரும்பிப் போனேன். மணலைக் கூட்டி வெளியே கொட்டியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். செய்திருந்தால் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். படலையைத் திறந்தேன். மணல் இருந்தது. உன் பிளாஸ்டிக் கதிரை யன்னலுக்குக் கீழே பழைய இடத்தில் இருந்தது, அதில் இருந்துகொண்டு பார்த்தேன். ஒரு கோடு. நடுவில் அறுந்து, முன்னால் குழி. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் அறுந்துதான். ஓரத்தில் மூன்றாவது, அதில் குழி ஆழமில்லை, இடைவெளி ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. பந்து வலைக்குக் கீழே கிடந்தது. ஆளைக் காணவில்லை.

கை உனக்கு, கால் எனக்கு என்று பங்கு பிரித்தவள் உன் பங்கையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். சனிக்கிழமை நீட்டின இந்த இடது கை இன்னும் தோளிலிருந்து வலிக்கிறது. வலிக்கட்டும், மடக்க மாட்டேன்.

உள்ளே குசினியில் பாத்திரச் சத்தம் கேட்டது. நான் கதிரையில் இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"ஹஸ்னா, வெளிய வா. கோடு அறுந்திருக்கு."

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு உள்ளே இருந்து, உன் குரலைப் போலவே, சிடுசிடுப்பாக வந்தது.

"தெரியும், மாமி. அதான் அழிக்காம வெச்சிரிக்கன்."